நுரையீரலில் தண்ணீர் இல்லை

அன்புள்ள பேரனுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்தை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உங்கள் நீச்சல் சங்கத்து மலரில் போட, கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பழைய பதிவு கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். யாரையும் அனுப்பாமல் நானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவு அறையில் இருந்தவர், "படிச்சுக் காட்டணுமா பாட்டி?" என்றார். "அஞ்சாங்கிளாஸ்ல நான்தான் முதல் மார்க். நீங்க தூசியை மட்டும் தட்டிக் குடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டார்.

என் அப்பா ஏரியில் குதித்து, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றி, களைத்துப்போய் மூழ்கினார் என்று உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்வேனே. பிள்ளைகளைக் கரையேற்றியது உண்மைதான், எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருந்தது: நுரையீரலில் தண்ணீர் இல்லை. இதயம் முன்பே நின்றிருக்கிறது.

மூன்று முறை படித்தேன். "மூழ்கினவர் தண்ணி குடிக்காம எப்படிய்யா?" என்று கேட்டேன். அவர் சிரிப்பு போய்விட்டது. "மூழ்கிச் சாகலை பாட்டி. செத்து மூழ்கியிருக்கார். உங்க வீட்ல வேற யாராவது இப்படித் திடீர்னு போனாங்களா?" என்றார். நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

உன் அப்பா ஆலை மாடிப்படியில் சறுக்கி விழுந்து இறந்தான் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்தபடியே டிரங்குப் பெட்டியில் வைத்தேன். மளிகை கட்டி வந்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவள், அதை இருபத்தாறு வருஷம் பிரிக்கவில்லை. நேற்றுப் பிரித்தேன். தலையில் பட்ட அடி லேசானது, இதயம் நின்றுதான் விழுந்திருக்கிறான் என்று இருக்கிறது. கடைசி வரியில், இவர் பிள்ளைகளையும் பரிசோதிக்கவும் என்று இருக்கிறது. அப்போது உனக்கு நாலு வயது.

என் அப்பாவுக்கும் என் மகனுக்கும் நடுவில் நான் இருக்கிறேன். எழுபத்தெட்டு வயதாகியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதவே கூசுகிறது.

பயிற்சியின்போது கண் இருட்டி நீருக்குள் போய்விட்டதாகவும், நண்பர்கள் இழுத்துப் போட்டதாகவும் போன கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தாய். அதைப் பக்கத்து வீட்டில் படித்துக் காட்டி நானும் சிரித்தேன்.

வருகிற ஞாயிறு ஏரியைக் கடக்கும் போட்டி. நேற்றுப் போனில் போகாதே என்றதற்கு, "கொள்ளுத்தாத்தா பேரைக் காப்பாத்த வேண்டாமா பாட்டி?" என்று கிண்டல் செய்து வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டு உன் அப்பாவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்பாள்.

இரண்டு காகிதங்களின் நகலையும் இதோடு விரைவுத் தபாலில் வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம். இதய டாக்டரிடம் காட்டு. அவர் சரி என்னும்வரை கால்கூட நனைக்காதே. கோழை என்று யாராவது சொன்னால் என் பேரைச் சொல்.

நீந்தாமலே நூறு வயது இரு, ராசா. இந்தக் கடிதத்தை மட்டும் மடித்து வைத்துவிடாதே.

இப்படிக்கு,
தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்கும்
உன் பாட்டி