தர்சிக்கு விழுந்த ஏச்சு

அடியே,

ஒலிவாங்கியின் பஞ்சில் இன்னும் உன் தைல மணம் இருக்கிறது. பின்னேரம் புதுப் பயிற்சியாளரின் சட்டையில் குத்துவதற்காக இன்று காலை எடுத்தேன், முகத்தில் அடித்தது. பிள்ளைகளின் கணுக்காலுக்குத் தைலம் தேய்த்த கையாலேயே அதை வாங்கிக் கழுத்தடியில் குத்திக்கொள்வாயே, அந்த மணம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வராத திகைப்பே எனக்குத் தெளியவில்லை. அதற்குள் இன்னொன்றைத் தலையில் போட்டுவிட்டாய்.

பயிற்சியாளர்கள் மைதானத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி. பெரியகல்லாற்றில் உன் வலைப்பந்து அணியைப் படம் பிடித்து, நீ சொல்கிற ஒவ்வொன்றையும் பாராட்டா, ஏச்சா, விளக்கமா என்று பிரிக்கப்போகிறேன் என்றபோது விழுந்து விழுந்து சிரித்தாய்.

“என்ட வாயை ஆராயிறதுக்கா கெம்பஸில உன்னை வெச்சிரிக்காங்க?”

ஏச்சுக்கு என்ன குறை? அதுவும் எல்லாம் உன் மகள் தர்சிக்கே. “தர்சி, நித்திரையா?” “தர்சி, கையில என்ன எண்ணெயா பூசியிரிக்காய்?” பெற்ற பிள்ளையை இப்படி வறுத்தெடுக்கிறாளே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“நீ உன்ட மிசினைப் பாருகா. என்ட பிள்ளையை நான் பாக்கிறன்” என்று வாயை அடைத்தாய்.

நீ போன பிறகு தர்சி மைதானத்துப் பக்கமே வரவில்லை. போட்டியோ அடுத்த கிழமை. நடுவில் நின்று பந்தெடுத்துக் கொடுக்க அவளை விட்டால் ஆளில்லை என்று மற்றப் பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதார்கள். தாய் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேளாத பிள்ளை, வெறுத்துத்தான் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

இன்று உன் குரலையும் விளையாட்டுப் படத்தையும் சேர்த்து ஓடவிட்டேன். ஒவ்வொரு ஏச்சுக்கும் முன்னால் என்ன பிழை நடந்தது என்று பார்ப்பது அடுத்த வேலை. “தர்சி, நித்திரையா?” என்கிறாய். பந்தைக் கோட்டைவிட்டவள் தர்சி இல்லை. குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வருகிற, அணியிலேயே சின்னவள். அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் தர்சி சரியாகத்தான் நிற்கிறாள். அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த பிள்ளை கிண்ணத்தை உடைத்தால் தன் பிள்ளையை அதட்டுகிற நம் ஊர் அம்மாமாரின் வழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்திருக்கிறாயே, பாவி! நானோ என் அட்டவணையில் ‘யாருக்கு’ என்ற இடத்திலெல்லாம் தர்சி, தர்சி என்று நிரப்பி வைத்திருக்கிறேன்.

கெம்பஸுக்குப் பக்கத்துச் செங்கலடியில் பஸ் ஏறி, மடிக்கணினியும் கையுமாக உன் வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஏசியது அவளையல்ல என்று தர்சிக்குக் காட்டிவிட வேண்டும் என்ற பதைப்பு. தர்சி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும் அன்ரி. மத்தப் பிள்ளையளை ஏசினா அதுகள் விளையாட வராம நிண்டிருங்கள், நீ தாங்குவாய் மகள் எண்டு அம்மா முதலே சொன்னவ.”

தாயும் மகளுமாகச் சேர்ந்து என்னை மட்டுமா ஏமாற்றினீர்கள்?

“பிறகு ஏன்டி விளையாடப் போகாம இரிக்காய்?”

“இப்ப அங்க என்ட பேரைக் கூப்பிட ஒருத்தருமில்ல அன்ரி.”

ஒருநாளைக்கு மட்டும் வா என்று கெஞ்சிக் கூத்தாடிப் பின்னேரம் கூட்டிப்போனேன். விளையாடினாள், ஏனோதானோவென்று. சின்னவள் வழக்கம்போலப் பந்தை நழுவவிட்டாள். புதுப் பயிற்சியாளர் அதிகம் பேசாதவர், சும்மா நின்றார். தர்சியின் கண் கோட்டுக்கு வெளியே நீ நிற்கிற இடத்துக்குப் போனது.

ஆராய்ச்சி செய்பவர் மைதானத்தில் வாயைத் திறக்கக்கூடாது. அது எங்கள் முதல் விதி.

“தர்சி, நித்திரையா?”

கத்தியது நான்தான். விறுக்கென்று திரும்பியவள், “இல்ல!” என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்திக்கொண்டு பந்துக்குப் பாய்ந்தாள்.

இன்றைய பதிவு என் ஆராய்ச்சிக்கு உதவாது. நாளையதும் உதவாது. நாளைக்கும் அவளை ஏச வேண்டியிருக்கிறது.