சுகிர்தாவின் ஏழாம் நம்பர்

ஆகஸ்ட் 4, திங்கள்

களை எடுக்கப் போனோம். மழை வந்து பாதியில் திரும்பிவிட்டோம். கொடியில் இருந்த துணியெல்லாம் நனைந்துபோனது.

சாயங்காலம் காலேஜிலிருந்து இளவரசி டீச்சர் வந்தார். சுகிர்தாவுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தவர். என் பிள்ளை காய்ச்சலில் போய் இரண்டு வருஷம். அவள் போட்டிருந்த ஏழாம் நம்பரை இதுவரைக்கும் யாருக்கும் தரவில்லையாம். இப்போது அம்முலு என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், அவளுக்குத் தரலாமா என்று கேட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னா டீச்சர், எம்பொண்ணு நம்பர எவளுக்கோ தூக்கிக் குடுப்பீங்களா? அந்தச் சட்டையோடதான அவளப் பொதைச்சோம்? குழியத் தோண்டி எடுத்துக்கினு போங்க" என்றேன்.

டீச்சர் டீயைத் தொடவில்லை. "வேணாம்னா வேணாம்மா. சனிக்கெழம டீம்ல ஆடுன பழைய பொண்ணுங்கல்லாம் காலேஜுக்கு வராங்க. ஒருவாட்டி வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 5

அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனாலும் — நான் ஏன் தர வேண்டும்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "போய்த்தான் பாரேன். புடிக்கலன்னா எழுந்து வந்துடு. கையப் புடிச்சா இழுக்கப் போறாங்க?"

ஆகஸ்ட் 9, சனி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலேஜ் மைதானம் என் மகளுடையது என்று நினைத்திருந்தேன். எத்தனை வருஷத்துப் பெண்கள்! போலீஸ் ஒருத்தி. வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்ப்பவள் ஒருத்தி. கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லாருக்கும் மூத்தவர் திருப்புட்குழி ஆண்டாளம்மாள். முதல் டீமில் ஏழாம் நம்பர் அவர்தானாம்.

"நாங்க ஆடுன காலத்துல ரிங்கு ஏதும்மா? தார் டிரம்மு வாய அறுத்து வேப்பமரத்துல கட்டுனோம். பாவாடயச் சொருகிக்கினு ஓடுவோம். வழியில போறவன்லாம் நின்னு சிரிப்பான். சிரிக்கிறவன் மண்டையிலதான் பாலு போய் உழும்" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

சட்டையும் கிடையாதாம். சாக்பீஸால் முதுகில் நம்பர் எழுதிக்கொள்வார்களாம். படிப்பு முடிந்து போகிறவள், புதிதாக வருகிறவள் முதுகில் தன் நம்பரை எழுதிவிட்டுப் போவாள். சட்டை வந்த பிறகும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. சுகிர்தாவுக்கு எழுதியது அந்தப் போலீஸ் பெண்.

"கூச்சத்துல நெளிஞ்சாம்மா. ஏழு கோணிப்போச்சு" என்றாள்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லவே இல்லையே அவள்!

அப்புறம் ஏழாம் நம்பர்க்காரிகள் எல்லாரும் வருஷப்படி வரிசையாக நின்றார்கள். ஆண்டாளம்மாள் முதலில், போலீஸ் பெண் கடைசியில். அவளுக்கு அடுத்து ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டு, அம்முலு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. என்னையும் யாரும் கூப்பிடவில்லை.

ஆண்டவரே. அத்தனை பேர் என் பிள்ளைக்கு இடம் விட்டு நின்றார்கள்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. போய் அதில் நின்றேன். டீச்சர் சாக்பீஸைக் கொடுத்தார். அம்முலுவின் முதுகைத் தொட்டால் வெறும் எலும்பு.

"நாஷ்டா துன்னியா இல்லியா நீ?"

"துன்னேம்மா."

எழுதினேன். நான் எழுதியதும் கோணல்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏனாத்தூரில் மேட்ச். தோற்றுவிட்டார்களாம். அம்முலு போனில் ஒரே அழுகை. "அழுதுகினு நிக்காத, பஸ் ஏறி நம்ம வூட்டுக்கு வா" என்றேன்.

அரிசி ஒரு பிடி கூடப் போட்டிருக்கிறேன்.