இரண்டாம் குடிலுக்கு ஓர் இணைப்பு

நாள் 41. காலை 7.10
நிலா முகாம், முதல் குடில். எழுதுவது ஜெசிந்தா, மின்பொறியாளர். சமையல் மேடை பிளக் பாயின்ட்டைச் சரிசெய்தேன். முன்பு இருந்தவர்கள் வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். சூட்டில் டேப் உருகிக்கிடந்தது. வெட்டிவிட்டு லிவர் கனெக்டர் போட்டேன். வயரைச் சீவி உள்ளே விட்டு அதன் சின்ன நெம்புகோலை அழுத்தினால் போதும், அசையாது. பயிர்களைப் பார்த்துக்கொள்ளும் சேர்மக்கனி இரண்டாம் குடிலில் தக்காளி நாற்றோடு இருக்கிறான். சாப்பிட வருவான்.

நாள் 41. மதியம் 12.35
விண்கல். இரண்டாம் குடிலின் கூரை கிழிந்துவிட்டது. நடுக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் காற்றழுத்தம் பூஜ்யம். சேர்மக்கனி விண்ணுடை போடாமல்தான் போயிருந்தான்.

நாள் 43. காலை 9.00
விண்கல் அறுத்தது இரண்டு கேபிள்கள்: என் ஹீட்டருக்கு வருவது, அவன் குடிலுக்குப் போவது. லிவர் கனெக்டர் மூன்றுதான் மிச்சம், ஒரு கேபிளின் மூன்று வயருக்குத்தான் சரி. ஹீட்டர் நிறைய ஆம்பியர் இழுக்கும். அதற்கே போடலாம் என்று வயரைச் சீவிக்கொண்டிருந்தேன். இன்டர்காம் பேசியது.
"அக்கா, லைட்டு போயிட்டு. ஒண்ணும் தெரியமாட்டேங்கு."
சேர்மக்கனியின் குரல்.

நாள் 43. காலை 9.40
குரல் கேட்டதைச் சொன்னேன். பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வளவன் சார்: "ஜெசிந்தா, அங்கே காற்றே இல்லை. காற்றில்லாத இடத்தில் யாரும் பேச முடியாது. நீங்க தூங்கி ரெண்டு நாளாச்சு. முதல்ல ஹீட்டரைப் பாருங்க. அந்தக் கேபிளைத் தொடாதீங்க."
சரி என்றேன்.

நாள் 43. மதியம் 1.15
அவன் நிறுத்தவில்லை. "இருட்டா இருக்குக்கா. எங்க இருக்கேன்னே தெரியல." அழுகிறான். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூடப் பாடுகிறவன்.
அவன் கேபிளுக்கு மூன்று கனெக்டரையும் போட்டுவிட்டேன். பேஸ், நியூட்ரல், எர்த். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. ஹீட்டருக்கு ஸ்க்ரூ கனெக்டர். இழைக் கம்பி நழுவுகிறது, சுடுகிறது. குளிரைப் பொறுத்துக்கொள்வேன்.
பிரேக்கரை ஏற்றினேன். மீட்டரில் லோடு காட்டுகிறது. அங்கே விளக்கு எரிகிறது.
"வந்துட்டுக்கா," என்றான். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். நானும் அழுதுவிட்டேன்.

நாள் 43. மதியம் 1.30
"இப்பத்தான் கதவு தெரியுது."

நாள் 43. மதியம்
பிரேக்கரை இறக்கிவிட்டேன். மீட்டர் லோடு காட்டிக்கொண்டே இருக்கிறது. நடுக்கதவின் கைப்பிடி திரும்புகிறது. இன்டர்காமில் கத்தினேன்: திறக்காதே தம்பி, உன் பக்கம் காற்றில்லை, திறந்தால் எனக்கும் இருக்காது.
சிரிக்கிறான். அன்பாகத்தான் சிரிக்கிறான்.
"காத்து எதுக்குக்கா? எனக்கும் மொத கொஞ்ச நேரம்தான் கஷ்டமா இருந்துச்சு."
கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத ஒரு கையை எடுத்