கேட் புத்தகத்தில் எழுதாத வெள்ளிக்கிழமை

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் தூறல், பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். ஆடி மூன்றாம் வெள்ளி.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. அம்மனுக்கோ வெள்ளிதான் விசேஷம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

தினமும் பார்வையாளர்களிடம் ஒப்பிக்கிறேன்: ஐம்பொன் அம்மன் சிலை, ஒரு முழ உயரம், வல்லம் வடகால் பக்கம் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது, தொடாதீர்கள். தொடாதீர்கள் என்று சொல்கிற நானே ஆடி வெள்ளியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விடுகிறேன். போன வருஷம் ஊர்ப் பெண்கள் வந்து கெஞ்சினார்கள். என் ஊர், என் ஜனம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்கு ஊரிலிருந்து செல்வி அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும். வாட்ச்மேன் பிஜய் கேட்டைத் திறந்தான். வழக்கம்போலச் சொன்னேன்: "புக்குல எழுதாத பிஜய்."

"சரி அக்கா. வெள்ளி எழுதல." ஒடிசாக்காரன். நாற்பது வயசு. செருப்பைக் கழற்றிவிட்டு கேட்டிலிருந்தே கும்பிட்டான்.

கற்பூரம் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஏற்றிவிட்டார்கள். புகை அலாரம் ஊரைக் கூட்டியது. முன் அறைக்கு ஓடி அதை அடக்கப் பத்து நிமிஷம். திரும்பி வந்தால் அலங்காரம் முடிந்திருந்தது. சிவப்புப் பாவாடை, வேப்பிலை, எலுமிச்சை மாலை. முகம் முழுக்க மஞ்சள், அதில் வெள்ளிக் கண்மலர். அம்மா முகம் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. மஞ்சளை அள்ளி அப்பிவிட்டார்கள்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு பூட்டினேன். நாளைக் காலை கலைத்துத் துடைக்க வேண்டும். பஞ்சு, ஸ்பிரிட் வாங்க மறக்கக் கூடாது.

கேமரா மின்னல் அடித்ததிலிருந்து குருடு. மூன்று கடிதம் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

எழுதவா வேண்டாமா? எழுதித் தொலைக்கிறேன். இல்லாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன்.

ஒன்பது மணிக்கு அலங்காரம் கலைக்கப் போனேன். மாலையை எடுத்தேன். பாவாடையைத் தூக்கினேன். உள்ளே பித்தளைச் செம்பு. செம்பு மேல் தேங்காய்.

கரகம். வரலட்சுமி நோன்புக்கு வீட்டில் வைக்கிற மாதிரி ஜோடித்து வைத்துவிட்டு அம்மாவைப் பூஜைக் கூடையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தேங்காயைக் கும்பிட்டுப் பூட்டியிருக்கிறேன்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நான் செய்தது இது:
செம்பு, தேங்காய், பாவாடை, வேப்பிலை எல்லாம் என் கட்டைப்பைக்குள்.
கண்ணாடியைத் துடைத்தேன்.
காப்பாட்சியர் மேடத்துக்குப் போன்: "மேடம், சிலையைக் காணோம்."

உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை திறந்துவிட்டது தெரிந்துபோகும். அந்த ஒரு பயத்தில் செய்தேன்.

போலீஸ் வந்தது. "பூட்டும் உடையல, கண்ணாடியும் உடையல. உள்ளாளு வேலைதான்." என்னைக் கேட்டார்கள். நேற்று லீவு சார், நான் வரவே இல்லை என்றேன். பிஜயைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். "யாரும் வரல சார்." கேட் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆகஸ்ட் 1 வெறும் பக்கம்.

"அப்ப நீ மட்டும்தான் இருந்த. சாவிக்கொத்தும் உன் ரூம்ல. ஏறுடா."

அவனே ஜீப்பில் ஏறினான். அவன் டிபன் பாக்ஸ் ஸ்டூல் மேலேயே இருந்தது.

தேங்காய் இப்போது என் வீட்டு அரிசிப் பானைக்குள். அதை உடைக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புழுக்கம். ஊரில் காப்புக் கட்டு. பால் குடம் எடுப்பதாக வேண்டுதல் இருந்ததால் எனக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். காப்பு அறுக்கிற வரை ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது. அது அடுத்த வாரம் திங்கள், 11ஆம் தேதி.

ஊர்க் கோயில் கருவறைக்குள் கல் அம்மன். பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்குப் புதுப் பாவாடை கட்டி இன்னொரு உருவம். கூட்டத்தில் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேரே செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இன்னா அக்கா இது? எனக்குத் தெரியாம செஞ்சிட்டியே."

"தெரிஞ்சா உட்டுருப்பியா நீ?"

"திருட்டுக்கா இது."

அந்த வார்த்தைதான் தப்பாகிப் போயிற்று. துடைப்பத்தைக் கீழே போட்டாள். "யாரடி திருடிங்கிற? பதினோரு வருசமா கம்பெனில ஹவுஸ்கீப்பிங். தெனம் கேட்ல என் பையைக் கொட்டிப் பாக்குறான். டிபன் பாக்ஸ்குள்ள கைய உட்டுப் பாக்குறான். ஒரு ஸ்க்ரூ எடுத்திருப்பேனா? அம்மா கெடைச்ச எடம் எங்கப்பன் நெலம்டி. நெலத்த எடுத்தானுங்களே, எவன் மேல கேஸு போட்டாங்க? நம்ம அம்மாவ நம்ம வூட்டுக்கு இட்டாந்தா அது மட்டும் திருட்டா?"

அதில் பாதி எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அதனால்தான் எரிச்சல்.

"பிஜயைப் புடிச்சிகினு பூட்டாங்கக்கா."

"நமக்கும் அவனுக்கும் இன்னா? ரெண்டு தட்டு தட்டிட்டு உட்ருவாங்க. காப்பு அறுத்ததும் ஏரிக்கரை முள்ளுக்குள்ள வச்சிடுறோம். போலீசே கண்டுபுடிச்சா மாரி இருக்கும். அது வரைக்கும் அம்மாவ நவுத்தக் கூடாது. நீ வாயை மூடிகினு இரு."

ஆகஸ்ட் 4, திங்கள்

காட்சிக்கூடம் மூடல். கைரேகை எடுக்கிறார்களாம். மேடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கமும் பொய். கையெழுத்து மட்டும் நல்லா இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடையில் ஷிப்ட் முடிந்த கூட்டம். காதில் விழுந்தது:

"பித்தளை பொம்மைக்கா நாலு ஜீப்பு வந்துச்சு? என் பைக்கு காணாமப்போச்சே, ஒரு கான்ஸ்டபிள் எட்டிப் பாக்கல."

"பொம்மையில்ல மச்சி, கோடிக்கணக்குல போவுமாம்."

"வெளிநாட்ல ஒரு மியூசியத்துல ஏணி வச்சி ஏறி நகையைத் தூக்கிட்டானுங்களாம். செம கில்லாடிங்கல்ல?" எல்லாருக்கும் சிரிப்பு. பார்த்த மாதிரியே ஒருத்தன் நடித்துக் காட்டினான்.

அதே வாய்தான் அடுத்த நிமிஷம்: "இங்க எடுத்தவன் வடக்கன். தோலை உரிக்கணும்."

போன மாசம் காப்பர் ஒயர் திருடினான் என்று ஒருவனை லைட் கம்பத்தில் கட்டி அடித்தார்களே, அன்றைக்கு நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்குப் போனில் சார்ஜ் இருந்திருந்தால் நானும் படம் பிடித்திருப்பேன்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வாக்குமூலம். பழைய பொய்யையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மணி, நிமிஷம் எல்லாம் கேட்டார்கள். பொய்க்கும் மனப்பாடம் வேண்டியிருக்கிறது.

வெளியே வரும்போது பின்பக்க வராந்தாவில் பிஜய். சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் நீட்டியபடி, மடக்க முடியவில்லை போல. உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். வேண்டாம் என்று கை காட்டினேன்.

மெதுவாகச் சொன்னான்: "அக்கா, வெள்ளி எழுதல. சொல்லல."

தைரியம் சொல்கிறானாம், எனக்கு!

பாத்ரூமில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என்ன மனுஷி நான். என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். சொல்லேன்டா என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவன் சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, தலைவலி மாத்திரை. எதையும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், சண்டை சச்சரவு என்றால் ஒதுங்கிப் போகிற மனுஷன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார், கை காய்ந்துபோகிற வரை.

"வாயைத் தொறந்தா உன் வேலை போவும். அது போனா போவட்டும். ஆறு பொம்பளைங்க ஜெயிலுக்குப் போவாங்க. அப்பால இந்த ஊர்ல நாம எப்டி இருக்கறது? நம்ம வூட்டு சாவுக்குக் கூட எவனும் வரமாட்டான்."

"அவன் அடி வாங்கறான்யா."

"தெரியுது. நான் இன்னா கல்லா? ஆனா அவனுக்கு வேற ஊரு கீது விமலா. நமக்கு இது ஒண்ணுதான்."

மறுபடி செல்வி அக்காவிடம். இன்றைக்கே எங்கேயாவது வைத்துவிடு, காலில் விழுகிறேன் என்றேன். விழவும் விழுந்தேன். தூக்கிவிட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். "காப்பு கட்டினப்பறம் அம்மாவ நவுத்தி ஊருக்கு எதுனா ஆச்சுன்னா நீ பொறுப்பா? ஞாயித்துக்கெழம கூழு ஊத்திடறோம். திங்கள்தான். அஞ்சு நாளு பொறுத்துக்கடி."

கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

சாயங்காலம் பிஜயின் சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னார்கள். கேட் அறையில்: இரண்டு சட்டை, ஒரு போர்வை, அ, ஆ எழுதிப் பழகிய தாள். தலையணை அடியில் ஒரு பொட்டலம். பிரித்தால் குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் நான் கொடுத்ததுதான். பூசிக்கொண்டது போக மீதியைச் சேர்த்து வைத்திருக்கிறான். ஊருக்கு எடுத்துப்போக இருக்கும்.

டிபன் பாக்ஸைக் கழுவினேன். நாலு நாள் சோறு. நாற்றம் இன்னும் கையில்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

பிஜயின் ஊர்க்காரன் ஒருவன் வந்தான். மண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவன். தமிழ் தேவலாம். "அவன் பொண்டாட்டி தினம் போன் பண்ணுது அக்கா. ஓவர்டைம்ல இருக்கான்னு சொல்றேன். அஞ்சு நாள் ஓவர்டைம் எந்தக் கம்பெனில இருக்குன்னு கேக்குது. என்ன சொல்றது?"

தெரியாது என்றேன். தெரியாது என்பதுதான் இந்த வாரம் அதிகம் சொன்ன வார்த்தை.

மதியம் செக்யூரிட்டி ஏஜென்சி சூப்பர்வைசர் வந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "முடிஞ்சுதுங்க. நாளைக்கு ஒத்துக்கிட்டதா கையெழுத்து வாங்கி கோர்ட்டுக்குக் கூட்டிப் போறாங்க. சிலையை ரயில்ல அனுப்பிட்டதா எழுதியாச்சு. வேற ஆள் போட்டாச்சு உங்களுக்கு."

"கையெழுத்து போடுவானா?"

"போடாம? தமிழ் படிக்கத் தெரியாது, எங்க சொன்னாலும் போடுவான்."

நாளை. திங்கள் இல்லை, நாளை. திங்களன்று ஏரிக்கரையில் சிலை கிடைத்தாலும் இவன்தான் புதைத்தான் என்பார்கள். ஒத்துக்கொண்ட திருடன். யாருக்கும் சந்தேகம்கூட வராது. ஊருக்கு அம்மா, போலீசுக்குக் கேஸ், எனக்கு வேலை. எல்லாருக்கும் கணக்குச் சரியாகிவிடும்.

செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நாலு தரம்.

அரிசி எடுக்கக் கையை விட்டால் தேங்காய் தட்டுகிறது. வீட்டில் இன்றைக்கும் உப்புமா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். ஆடி நான்காம் வெள்ளி. விடுமுறை.

எட்டரைக்கே வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கட்டைப்பையில்: செம்பு, தேங்காய், சிவப்புப் பாவாடை. மாத்துப்புடவை ஒன்று. பிஜயின் குங்குமப் பொட்டலம்.

கேட்டில் புது வாட்ச்மேன். புதுப் புத்தகம், பழையது போலீசிடம். "லீவுங்க, எழுதணுமா?" என்று கேட்டான். எழுத வேண்டும் என்றேன். பேனாவைக் கொடுத்தான். நானே எழுதினேன். எழுதியதை இங்கேயும் எழுதிக்கொள்கிறேன், பக்கத்தைக் கிழித்து ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகிறேன்.

தேதி: ஆகஸ்ட் 1, வெள்ளி
பெயர்: விமலா, காட்சிக்கூட உதவியாளர்
உடன்: ஆறு பேர்
யாரைப் பார்க்க: அம்மன்
உள்ளே: 10.20
வெளியே: 11.05
கொண்டுவந்த பொருள்: செம்பு 1, தேங்காய் 1
கொண்டுபோன பொருள்: அம்மன் 1
புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொன்னது: நான்

கையெழுத்து போட்டேன். மணிக்கட்டில் காப்புக் கயிறு பேப்பரில் உரசி மஞ்சளாகிவிட்டது. இன்றைக்கு ஊர் எல்லைக்குள் படுக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அந்த ஆறு பேர் யார் என்று கேட்பார்கள்.

செல்வி அக்கா இப்போதுதான் திருப்பிக் கூப்பிடுகிறாள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பஸ் வந்துவிட்டது.