மூன்று சொட்டு சிவப்பு

8 ஜூலை 1984, ஞாயிறு
காலையிலிருந்தே புழுக்கம். மல்லிகைக்குத் தண்ணீர். வேலியருகே பக்கத்து வீட்டு லெட்சுமி, இடுப்பில் மகள் செல்வி. ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைப்பது என்ன பழக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகுதான் பார்த்தேன். கழுத்து, கை எல்லாம் தடித்துச் சிவந்து காணாக்கடி.

"மறுபடியும் வந்துருச்சு ஆன்ட்டி. நாளைக்கு லீவு போட்டா நாலாவது வாட்டி. சூப்பர்வைசர் வேலைய விட்டு நிறுத்திருவேன்னு சொல்றான் லா."

என்ன தின்றாள் என்று கேட்டேன். ஆரஞ்சுத் தண்ணீர், பாக்கெட் முறுக்கு, மஞ்சள் மீ நூடுல்ஸ். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இன்றும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

9, திங்கள்
கிளினிக்குக்கு நானும் போனேன். புந்தோங் பஸ்ஸில் நிற்க இடமில்லை. டாக்டர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். சில பிள்ளைகளுக்குத் தின்பண்டத்தில் போடும் சாயம் ஒத்துக்கொள்ளாதாம். தின்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். லெ.க்கு நேரம் ஏது. நானே எழுதுகிறேன் என்றேன்.
வாங்க: கோடு போட்ட நோட்டு, வெள்ளை அரிசி மீஹூன், வாழைப்பழம், சோப்பு.

13, வெள்ளி
கடைப் பண்டம் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. தோல் சுத்தம். நான் சொன்னதுதான்.

14, சனி
மழை. சனிக்கிழமை வழக்கம்போல் அகர்-அகர் ஜெல்லி. மேலே தேங்காய்ப்பால், கீழே சிவப்பு. கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த அளவு, சாயம் மூன்று சொட்டு. நான்கானால் மார்க் குறைப்பார். வேலிக்கு மேலாகச் செல்விக்கு நான்கு துண்டு.

15, ஞாயிறு
மறுபடியும். இந்த முறை உதடும் வீங்கி. எதையோ ஒளித்துக் கொடுத்திருக்கிறாய் என்று லெ.யைக் கடிந்தேன். "சத்தியமா இல்ல ஆன்ட்டி." நோட்டைப் பிரித்துப் பிள்ளையையே கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னாள். இட்லி. சோறு, பருப்பு. வாழைப்பழம்.
"அப்புறம் உங்க ஜெல்லி."
"அது நம் வீட்டில் செய்தது. எழுத வேண்டாம்."
"ஏன் ஆன்ட்டி?"
நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலை. அலமாரியிலிருந்து சாயப் போத்தல். என் வீட்டுக்காரருடைய பூதக்கண்ணாடி. இத்தனை வருடம் வாங்கி, லேபிளைப் படித்ததில்லை. 'அனுமதிக்கப்பட்ட நிறம்.' அவ்வளவுதான். ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலிலும் இதே சொற்கள். இந்த டைரியின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். தடிப்பு வந்தது எல்லாம் ஞாயிறு. எல்லாம் அகர்-அகருக்கு மறுநாள்.
சாப்பிடவில்லை.

16, திங்கள்
மருந்தில் வீக்கம் இறங்கியிருக்கிறது. லெ. வேலைக்குக் கிளம்புமுன் போத்தலோடு போனேன். அவள் வீட்டுக்குள் நான் கால் வைப்பது முதல் முறை. சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். "நான்தான் கொடுத்தேன்" என்று மட்டும் வந்தது.

"எனக்கும் சந்தேகம்தான் ஆன்ட்டி. நீங்க தட்டுல குடுத்து அனுப்புறத கோழிக்குப் போட்டுருவேன். இவகிட்டயும் வாங்காதன்னு சொன்னேன். வேலிக்கிட்ட நின்னு வாங்கித் தின்னுட்டு வந்து நிப்பா."
"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"
"உங்ககிட்டயா? பாக்கெட் முறுக்குக்கே அரை மணி நேரம் பாடம் எடுப்பீங்களே."

சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. போத்தலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். ரோஜா நிறமாக ஓடியது. அழகாகத்தான் இருந்தது.

21, சனி
வெயில். அகர்-அகர். தேங்காய்ப்பாலும் வாசனைக்குப் பாண்டான் இலையும் மட்டும். இலை, லெ. முற்றத்தில் கேட்டு வாங்கியது.
"சிவப்பு எங்க?"
"இனி கிடையாது."
செல்வி தின்றுவிட்டு, "ருசி அதேதான் லா" என்றாள். இரண்டு துண்டோடு நிறுத்தினேன். நோட்டில் எழுதினேன்: அகர்-அகர், என் வீடு.

22, ஞாயிறு
விடியும்போதே வேலியருகே. லெ. பிள்ளையின் தாடையைத் தூக்கிக் காட்டினாள். கழுத்தில் ஒன்றுமில்லை. கையிலும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன்.
உள்ளே போய் நான்கு முட்டை கொண்டுவந்து நீட்டினாள்.
"உங்க ஜெல்லி தின்ன கோழி போட்டது. பயப்படாம சாப்பிடுங்க ஆன்ட்டி."
வாங்கிக்கொண்டேன்.