கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு

ஜூன் 9
சாரல் தொடங்கிவிட்டது. ஊரே குற்றாலத்துக்குப் போகிறது. நான் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். சளியும் ரத்தமும். இதில் மாமனார் வாசலில் நின்று, "இவ கை சுத்தமில்ல. இனி அடுப்படிப் பக்கம் வரக்கூடாது" என்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஜூன் 11
தென்காசியில் பர்சானா டாக்டரைப் பார்த்தேன். அமீபாவாம். "இதுக்கு முன்ன என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என் தொண்டை வலிக்கு, டாக்டரைக் கேட்காமல் மாமனாரே மருந்துக்கடையில் வாங்கிவந்த ஆன்டிபயாடிக். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். குடலில் உள்ள பாக்டீரியாவைத் தின்றுதான் அமீபா வாழுமாம். கூட இருக்கும் பாக்டீரியாவைப் பொறுத்து அது சும்மாவும் கிடக்கும், குடலையும் அரிக்கும். "முழுசா இன்னும் யாருக்கும் புரியலம்மா. நல்ல பாக்டீரியாவ அந்த மாத்திரை அழிச்சிருக்கலாம். இதே அமீபா இன்னொருத்தர் வயித்துல சத்தமில்லாம இருக்கும், அவர் கை வழியாப் பரவும். வீட்டுல எல்லாரும் டெஸ்ட் எடுங்க."

ஜூன் 14
அத்தை, வீட்டுக்காரர், மகள் சஹானா — மூவருக்கும் ஒன்றுமில்லை. மாமா மட்டும் மலப் பரிசோதனைக்குக் கொடுத்த டப்பாவைத் தொடவே இல்லை. "போலீஸ்ல இருந்தவன்ட்டி நான். கல்லத் தின்னாலும் செரிக்கும். என்னையப் போயி இதுல பிடிச்சுக் குடுக்கச் சொல்லுதியா?"
அவருக்கு மானம் போய்விடுமாம். எனக்கு மட்டும் மானம் இல்லையா?

ஜூன் 24
உடம்பு தேறிவிட்டது. அடுப்படித் தடை மட்டும் நீங்கவில்லை.

ஜூன் 29
ஐந்தருவி. அத்தை வைத்த தயிர்ச்சோறு. குளித்து வந்ததும் வழக்கம்போல மாமாதான் வாளிக்குள் கைவிட்டுப் பிசைந்து, ஆளுக்கொரு உருண்டையாகக் கையில் வைத்தார். அது அவருடைய உரிமை, வேறு யாரும் வாளியைத் தொட முடியாது. எனக்கும் ஒன்று வைத்தார், முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 17
சஹானாவுக்கு ரத்தபேதி. பச்சப்புள்ள சுருண்டு கெடக்கா. நான்தான் அடுப்படியில காலே வைக்கலயே! இப்ப யாரு கை சுத்தமில்ல? — இங்கே எழுதி என்ன பிரயோஜனம்? நேரே போய் டப்பாவை மாமா முன்னால் வைத்தேன். "குடுங்க மாமா. இல்லன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு சுரண்டைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."
டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 19
டெஸ்டில் மாமாவுக்கு அமீபா இருக்கிறது. ஒருநாளும் வயிறு வலித்ததில்லையாம். "மருமவள கொலைக்கேசு மாதிரி விசாரிச்சியளே!" என்றாள் அத்தை.

ஆகஸ்ட் 10
பழைய குற்றாலம். சஹானா தேறிவிட்டாள். மாமாவும் மாத்திரையை முடித்துவிட்டார். இன்று நான் வைத்த தயிர்ச்சோறு. மாமா வாளிப் பக்கமே வரவில்லை. சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வெகுநேரம் கழுவினார். வந்து சஹானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் கையை நீட்டினார். 'தப்புதான்' என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் கோபம் அடங்கவில்லை.
ஆனாலும் உருண்டையைப் பெரிதாகவே பிடித்து வைத்தேன்.