கயிற்றில் இரண்டு முடிச்சு

அக்கா,

இன்றைக்குக் காலையில் காபித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டேன். கொல்லைப் பக்கமிருந்து அந்த வாசனை வந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெய். மூக்குக்குள் போய் அரிக்குமே, அதேதான். கைத்தடியைக்கூட மறந்து ஓடினேன். புதிதாக நட்ட மரக்காலுக்குத் தச்சர் பிரஷ்ஷை வைத்து அந்தக் கறுப்பு எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இதைப் பூசச் சொன்னது? கீழ வை!"

"கரையான் அரிக்காதுங்க ஆயா."

"கரையான் அரிக்காது. குளிக்கிறவ தோளை அரிக்கும்!"

மனுஷர் விழித்தார். என் மகன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். நானோ, இந்த வயதில், மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வது? நீங்கள் இருந்திருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

விவரம் சொல்லாமல் கத்திக்கொண்டே போகிறேன். என் சின்னவனுக்கு முதுகுவலி. டாக்டர் நீந்தச் சொன்னாராம். எதிரில் குளம் கிடக்கிறது. இவன் அதற்குப் பக்கத்தில் நீல ஓடு பதித்து நீச்சல் தொட்டி கட்டுகிறான். தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் உடம்பைக் கழுவ வேண்டுமாம், அதற்காக வெட்டவெளியில் ஒரு ஷவர். "இந்தக் கொல்லையில இதுதாம்மா முதல் ஷவர்" என்று பெருமையாகச் சொன்னான். போடா போக்கத்தவனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதே இடத்தில், இதே குளத்தங்கரையில், உலகச் சண்டைக்காலத்திலேயே இரண்டு பொம்பளைகள் ஷவர் கட்டிக் குளித்தார்கள் என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

நான் இந்த வரதராஜன்பேட்டை வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகள். ஓரகத்திகள் என்றாலே அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. அடித்துக்கொள்ள நேரம் ஏது? மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், உங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்தில், என் வீட்டுக்காரர் அரியலூரில் வாத்தியார். மிச்சம் நாம் இருவரும் மாமாவும் முந்திரித் தோப்பும்தான். மாமா நம் மாமனார் என்றாலும் எனக்கு அவர் போலீஸ்காரர் மாதிரி. செருப்புச் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வேன்.

நீங்கள் திருமானூர்ப் பக்கத்துக்காரி. கொள்ளிடத்தில் அக்கரை வரைக்கும் நீந்திவிட்டு வந்து பழையது சாப்பிட்டவள். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து இந்தச் செம்மண் காட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. கொல்லைக் குளம் போதும் என்றீர்கள். விடியுமுன் இறங்கினால் சூரியன் தோப்புக்கு மேலே வந்தபிறகுதான் ஏறுவீர்களாம். அந்தக் குளத்துப் படியில்தான், நான் வருவதற்கு முந்தின வருஷம், பாசி வழுக்கி விழுந்தீர்கள். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. இடுப்பும் பிடித்துக்கொண்டது. குனிய முடியாது, மணையில் உட்கார முடியாது, படி இறங்கவே முடியாது.

நான் வந்த பிறகு உங்களுக்கு நான்தான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நிற்கவைத்து ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வீர்கள். சோப்பு எரிகிறது என்று நான் நினைத்தேன். ஒருநாள் சொம்பைத் தட்டிவிட்டீர்கள்.

"பொணத்தத்தான்டி அடுத்தவங்க குளிப்பாட்டுவாங்க" என்றீர்கள். "எனக்குத் தண்ணி வேணாம்."

அன்றிலிருந்து ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. பூசைக்கும் வருவதில்லை. "முழுகாத உடம்போட எப்படிடீ கோயிலுக்கு வர்றது?" என்று ஒரே பேச்சு. உங்கள் வீட்டுக்காரர் லீவில் வந்தபோதும் அடுப்படியை விட்டு வெளியே வராமல் இருந்தீர்கள். அந்த மனுஷர் உங்களைச் சிரிக்கவைக்கப் பட்டாளத்துக் கதையெல்லாம் சொன்னார். அதில் ஒன்று: முகாமில் மூங்கில் கட்டி மேலே பீப்பாய் வைத்திருப்பார்களாம், கயிற்றை இழுத்தால் தலையில் மழை கொட்டுமாம், நின்றபடியே குளிப்பார்களாம்.

நின்றபடியே, அதுவும் தன் கையாலேயே கயிற்றை இழுத்து! என் காதில் அதுதான் விழுந்தது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். அவர் லீவு முடிந்து ரயிலேறின மறுநாளே உங்களிடம் வந்து நின்றேன்.

"அக்கா, நாம கட்டுவோம்."

"நீ பாத்திருக்கியா அத?"

"நீங்க பாத்திருக்கீங்களா? ரெண்டு பேரும் பாக்கல. அப்ப தப்புன்னு யாரு சொல்றது?"

முதலில் பானையில் ஓட்டை போட்டோம், விண்டுவிட்டது. பிறகுதான் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கிற பெரிய பூவாளி என் கண்ணில் பட்டது. உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டு, மூக்கில் கயிறு கட்டி இழுத்தால் மூக்கு சாயும், அதன் சல்லடை முகத்திலிருந்து மழையாகக் கொட்டும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஏணியில் ஒருத்தி நின்று மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் உடனே பிடித்துக்கொண்டீர்கள்.

"அப்பவும் நீதானேடி ஊத்துற?"

"நான் பூவாளிக்கு ஊத்துறேன். பூவாளி உங்களுக்கு ஊத்துது. கயிறு உங்க கையில. வேணும்னா இழுங்க, வேணாம்னா விடுங்க."

கொல்லைக் கதவு வரைக்கும் நடந்துபோய்க் குளத்தைப் பார்த்தீர்கள். அப்புறம், "தட்டி உசரமா இருக்கணும்" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு முழுக்கப் பாட்டுதான் வாயில்.

மாமாவின் புடலைப் பந்தலுக்கு வைத்திருந்த கால்களை அவரைக் கேட்காமலே எடுத்து நட்டோம். அவர் பார்த்துவிட்டார்.

"தவசு காலத்துல ஆளாளுக்கு ஒருவேளை சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கான். உங்களுக்குத் தலைக்கு மேல மழை கேக்குதோ?"

நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ! "அக்கா ஒரு வருஷமா ஒருசந்திதான் மாமா, தண்ணிக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். "பாஸ்கா வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள தண்ணி கொட்டலன்னா பிடுங்கிடுவேன். என் புடலங்கொடி காத்துக்கிட்டு இருக்காது" என்று போய்விட்டார். மாமாவிடம் அவ்வளவு கிடைத்ததே பெரிசு.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறுக்கு மூன்று நாள் முந்தி, பெரிய வியாழக்கிழமை, எல்லாம் தயார். கரையானுக்கு என்று முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். மண்ணில் புதைகிற அடிக்கால்களுக்கு மட்டும் பூசச் சொன்னீர்கள். நான் சும்மா இருப்பேனா? இருக்கிறதே இருக்கிறது என்று உத்தரம் வரைக்கும் தடவி வைத்தேன். மத்தியானம் நீங்கள் தலையில் எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தபோது, ஒரு தடவை சரி பார்த்துவிடலாம் என்று பூவாளியை நிரப்பிவிட்டுத் தட்டிக்குள் நுழைந்தேன். சரி பார்ப்பதாவது! ஆசை, அக்கா, ஆசை. முதல் மழை எனக்கு வேண்டும் என்ற ஆசை. கயிற்றை இழுத்தேன். ஐயோ, என்ன சுகம்! வெயிலில் காய்ந்த உத்தரத்திலிருந்து எண்ணெயும் உருகிச் சொட்டியது எனக்கு எங்கே தெரிந்தது?

சாயங்காலத்துக்குள் தோள் தீப்பட்ட மாதிரி கொப்பளித்துவிட்டது. நீங்கள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அழுதீர்கள். மாமா வாசலில் நின்றபடி, "போதும். இதோட விடுங்க. சனிக்கிழமை பூசை முடிஞ்சு வந்து நானே பிரிச்சுடுறேன்" என்றார். ஆனால் நீங்கள் சொன்னதுதான் எனக்குக் கொப்பளத்தைவிட எரிந்தது.

"விட்டுடுடீ. எனக்குத் தண்ணி குடுப்பினை இல்ல."

"குடுப்பினையாவது மண்ணாவது! உத்தரத்த மாத்துனா ஆச்சு. நாளைக்கு மாத்துறோம்."

"நாளைக்குப் பெரிய வெள்ளிடீ. ஆணி அடிக்கலாமா?"

சேசுவே! அதை நான் மறந்தே போயிருந்தேன். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாளில் நம் ஊரில் எவன் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டிருக்கிறது? சனிக்கிழமை மாமா பிரித்துவிடுவார். நடுவில் இருப்பது ஆணி தொடக்கூடாத ஒரே ஒரு நாள். தோள் வேறு எரிகிறது. மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் நீங்கள் குளத்தங்கரையில் நிற்கிறீர்கள், கையில் கயிற்றுச் சுருணை. கூரைக்கு வாங்கிப் போட்டிருந்த மூங்கிலைக் காட்டி, "தூக்கு" என்றீர்கள். "கொள்ளிடத்துல ஓடத்த ஆணி அடிச்சா நிறுத்துறாங்க? கட்டித்தான்டி நிறுத்துறாங்க." பழைய உத்தரத்தைக் கோணியைச் சுற்றிப் பிடித்து இறக்கினேன். நான் ஏணியில் நின்று மூங்கிலைத் தாங்க, நீங்கள் நிமிர்ந்த வாக்கில் கையை உயர்த்தி முடிச்சுப் போட்டீர்கள். அப்போதுதான் உங்கள் உயரமே எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷமாகச் சுவரில் சாய்ந்தே பார்த்தவளல்லவா!

மாமா செபமாலையோடு வந்து நின்றார். "பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா..." என்று ஆரம்பித்தார்.

"ஆணி அடிக்கல மாமா" என்றீர்கள், திரும்பாமலே. "கட்டத்தான் செய்யிறோம்."

அவர் கிட்டே வந்தார். முடிச்சு ஒன்றை இழுத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. சிலுவைப்பாதைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

கடைசியாகப் பூவாளி மூக்கிலிருந்து தொங்கின கயிற்றில் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் பிடிக்க ஒரு முடிச்சுப் போட்டீர்கள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்வாக இன்னொன்றும் போட்டீர்கள். "இது கட்டச்சிக்கு" என்றீர்கள். கட்டச்சியாம்! கோபம் வந்த மாதிரி நடித்தேனே தவிர, உள்ளே எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தக் காலத்தில் உயிர்ப்புப் பூசை சனிக்கிழமை காலையிலேயே நடக்கும், ஊரே கோயிலில். மாமாவும் அங்கேதான். நான் ஏணியில், நீங்கள் தட்டிக்குள். கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறீர்கள், இழுக்கவில்லை. "என்னக்கா?" என்றேன். "பயமா இருக்குடீ" என்றீர்கள். கொள்ளிடத்தை நீந்திக் கடந்தவளுக்குப் பூவாளித் தண்ணிக்குப் பயம்! எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை. அந்த நேரத்தில், ஆண்டவர் துக்கத்துக்காக வியாழக்கிழமையிலிருந்து ஊமையாக இருந்த கோயில் மணி அடித்தது. பெரிய மணி, சின்ன மணி, எல்லாம் சேர்ந்து. தோப்பே அதிர்ந்தது. நீங்கள் இழுத்தீர்கள்.

நீங்கள் கத்தின கத்தல் இருக்கிறதே! கோயில்வரைக்கும் கேட்டிருக்கும், மணி காப்பாற்றியது. நான் ஊற்றுகிறேன், நீங்கள் இழுக்கிறீர்கள், "இன்னும்டீ, இன்னும்டீ" என்கிறீர்கள். கண் திறந்திருந்தது, அக்கா. மேலேயிருந்து நான் பார்த்தேன். தண்ணீர் நேராகக் கண்ணில் விழுந்தும் நீங்கள் மூடவில்லை. கடைசிக் குடத்தை ஊற்றினதும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இறங்கி வாடீ கட்டச்சி."

"அப்புறம் யாரு ஊத்துறது?"

"இருக்குற வரைக்கும் வரட்டும்."

இருவரும் சேர்ந்து நின்றோம். மேல் முடிச்சில் உங்கள் கை, கீழ் முடிச்சில் என் கை. கொப்பளத் தோளில் அந்தத் தண்ணீர் பட்டபோதும் வலிக்கவில்லை. மறுநாள் பாஸ்காப் பூசைக்கு மாட்டுவண்டியில் போனோம். உங்கள் கூந்தல் இன்னும் ஈரம். மாமா வண்டியோட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "புடலைக்கு வேற கால் வாங்கணும்" என்றார்.

உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்த அன்றைக்கு நான் விடவில்லை. துருவேறின பூவாளியைத் தேடி எடுத்துக் கட்டச் சொன்னேன். கயிற்றை உங்கள் கையில் சுற்றி, அந்தக் கையைத்தான் இழுத்தேன். கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லட்டும். அன்றைக்கும் உங்களை வேறொருவர் குளிப்பாட்டவில்லை.

இப்போது என் முழங்காலும் போய்விட்டது. குளிப்பாட்ட மகன் ஒரு பெண்ணை வைத்தான். "பொணத்தத்தான் அடுத்தவங்க குளிப்பாட்டுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் குரல் என்று உறைத்தது. தோளில் அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. தச்சரிடம் அதைக் காட்டித்தான் எண்ணெய் டப்பாவை மூடவைத்தேன்.

குழாய் வேலைக்காரரிடமும் மத்தியானம் சண்டை. திருகுகிற குழாய் வேண்டாம், இழுக்கிற சங்கிலி போடு என்றேன். போட்டார். இன்னொன்றும் போடு, உயரமாக என்றேன்.

"ரெண்டு எதுக்குங்க ஆயா? அது உங்களுக்கு எட்டாதே."

"எனக்கு இல்லய்யா. அது கொள்ளிடத்துக்காரிக்கு. பேசாம போடு."

நாளைக் காலையில் தண்ணீர் திறக்கிறார்கள். மேல் சங்கிலியைக் கைத்தடியால் மாட்டி இழுத்துவிட்டு நான் வெளியே நிற்பேன். இந்தத் தடவை நான் முந்திக்கொள்ள மாட்டேன் அக்கா. முதல் தண்ணி உங்களுக்குத்தான்.